சவரிராஜின் கட்டைவிரல்

சவரிராஜின் கை சிறியது. விரல்களை எவ்வளவு விரித்தாலும் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏழு அங்குலம் வராது. ஆள் ஐந்தடி எட்டங்குலம். தோள் அகலம். கை மட்டும் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் கடன் வாங்கி மாட்டியதுபோல இருக்கும்.

அந்தக் கைதான் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. 1951இல் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பாய்லர் ஷாப்புக்கு ஆள் எடுத்தார்கள். வரிசையில் நாற்பது பேர். வெள்ளைக்கார ஃபோர்மன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சவரிராஜிடம் வந்ததும் நின்றார். அன்று மாலையே அவனுக்கு நீலச் சட்டை கிடைத்தது.

கப்பல் கொதிகலன்களில் முட்டை வடிவத்தில் சிறு துளைகள் உண்டு. அதற்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரலால் தேடித் திருக வேண்டும். பெரிய கை நுழையாது. நுழைந்தால் திரும்பி வராது. ஒருமுறை ஒருவருக்கு அப்படி மாட்டிக்கொண்டது. கிரீஸ், சோப்பு, மாதாவுக்கு நேர்ந்த ஒரு மெழுகுவர்த்தி என்று எல்லாம் சேர்ந்து அரைநாளில் வெளியே எடுத்தன. அதற்குப் பிறகு எந்தத் துளையாக இருந்தாலும், "சவரியைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள்.

இப்படி ஒரு கையை மதிக்காத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவன் சேர்ந்திருந்த இசைக்குழு.

பங்குக் கோயில் திருவிழாவிலும் கல்யாணங்களிலும் வாசிக்கும் குழு அது. பெயர் 'டாக்யார்ட் நண்பர்கள்'. அலெக்சாண்டர் கிட்டார். ஒருவர் அக்கார்டியன், ஒருவர் டிரம். சவரிராஜ் காலி மைலோ பானப்பொடி டப்பா. டப்பாவுக்குள் பாசிப்பயறு போட்டு மூடி, தாளத்துக்குக் குலுக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பயறை மாற்றுவான். இல்லையென்றால் வண்டு விழுந்து ஓசை மந்தமாகிவிடும். நான்கு வருடம் அந்த டப்பாவை அவன் உண்மையாகக் குலுக்கினான்.

1961 அக்டோபரில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். சம்பந்தம் கொண்டுவந்தவர் அவனுடைய அத்தை பிலோமினம்மாள். பெண் ஆனி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வீடு சிராங்கூன் ரோட்டில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல் மாடி. படியேறும்போதே எல்லோரும் தும்மினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் தும்மவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது.

சவரிராஜ் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கேசரி வந்தபோது மட்டும் ஒரு கையை வெளியே எடுத்தான்.

ஆனி தட்டை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"நீங்க கிட்டார் வாசிப்பீங்களாமே?"

அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பக்தியோடு பார்த்தார்.

"அத்தை சொன்னாங்க" என்றாள் ஆனி. "எங்க வீட்ல மேசையில தாளம் தட்ற ஆளுங்க மட்டும்தான் இருக்காங்க. கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஒரு பாட்டு வாசிங்க. நீங்களே வாசிக்கணும்."

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவன் வாயில் கேசரி இருந்தது. விழுங்கி முடித்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஆனியின் அப்பா தேதி பேச ஆரம்பித்திருந்தார். ஈஸ்டர் முடிந்து மே மாதம். ஏழு மாதம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்டான்.

"ஏன் அத்தே அப்படிச் சொன்னீங்க?"

"பேண்டுன்னா கிட்டாருதானே?"

"நான் டப்பா அத்தே."

"மாப்பிள்ளை டப்பா குலுக்குறாருன்னு சொன்னா யாருடா பொண்ணு குடுப்பா? ஏழு மாசம் இருக்கு. பிள்ளையே பொறந்துடும், உனக்கு ஒரு பாட்டு வராதா?"

அவனுக்குப் பாட்டைவிட அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவில் நின்றது. 'நீங்களே வாசிக்கணும்' என்று சொன்னபோது அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. முதல் நாளே அவளிடம் ஒரு பொய் நுழைந்துவிட்டது. அதை எடுக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, போய்ச் சொல்லிவிடுவது. இன்னொன்று, அதை உண்மையாக்கிவிடுவது. அவன் கூச்சக்காரன். இரண்டாவதுதான் சுலபம் என்று நினைத்தான்.

ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலுமியிடம் உடைந்த கிட்டார் ஒன்று இருந்தது. சவரிராஜிடம் ஒரு மைனா இருந்தது. 'குட் மார்னிங் சார்' என்று சொல்லும். மாலுமிக்கு அப்படி அழைக்க யாரும் இல்லாததால் மைனாவின் மேல் ஆசை வந்தது. மாற்றிக்கொண்டார்கள்.

மாலுமி அந்தக் கிட்டாரை மிதித்திருந்தான். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையும், வயிற்றுப் பக்கம் அவற்றைத் தாங்கும் கட்டையும் போய்விட்டிருந்தன. சவரிராஜ் அதை ஃபிட்டர் துரைசாமியிடம் கொண்டுபோனான். துரைசாமி அவனைவிடப் பத்து வயது மூத்தவர். பதினெட்டு வருட சர்வீஸ். ஒரு வேலையை அவர் இரண்டாம் முறை செய்ததில்லை. அவர் செய்தது எதுவும் உடைந்ததில்லை.

"கிட்டார்ல கை வச்சிருக்கீங்களாண்ணே?"

"கம்பி இழுக்குது, கட்டை தாங்குது. இதுல என்ன இருக்கு? கொடு லா."

டாக்யார்டில் ஒரு விதி உண்டு. கப்பலில் போகும் எதுவும், தாங்க வேண்டிய பாரத்தைப்போல மூன்று மடங்கு தாங்க வேண்டும். துரைசாமிக்குத் தெரிந்த விதி அது ஒன்றுதான். ஒரு வாரத்தில் கிட்டார் வந்தது. இரண்டு கட்டைகளும் இப்போது பித்தளை. அரத்தால் தேய்த்துக் கண்ணாடிபோல மினுக்கியிருந்தார். கம்பிகள் கடையில் விற்கும் கம்பிகள் இல்லை. கப்பல் கயிற்றின் இழையைப் பிரித்துப் பூட்டியிருந்தார். அந்தக் கம்பிகள் மரத்தைத் தொடாமல், தீக்குச்சிகளை அடுக்கி நுழைக்கிற உயரத்தில் நின்றன.

"ஏண்ணே இவ்வளவு உயரம்?"

"ஓடுற பொருளுக்கும் நிக்கிற பொருளுக்கும் நடுவுல எடம் விடணும்டா தம்பி. இல்லேன்னா உரசித் தேயும். உன் பேரன் வாசிப்பான் இதை."

சவரிராஜுக்கு வேறு கிட்டாரைப் பிடித்துப் பழக்கமில்லை. அலெக்சாண்டர் தன்னுடையதை யாரையும் தொடவிடமாட்டான். அதனால் கிட்டார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அலெக்சாண்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அலெக்சாண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தன் கையை நீட்டினான். நீளமான கை. வாழைப்பழச் சீப்பு.

"வை, உன் கைய."

உள்ளங்கையை உள்ளங்கையோடு வைத்தார்கள். சவரிராஜின் விரல்கள் அலெக்சாண்டரின் மேல்கணுவுக்கே முடிந்துவிட்டன.

"மச்சான், கோவிச்சுக்காத. மத்ததெல்லாம் சமாளிக்கலாம். எஃப் வராது."

எஃப் என்பது ஒரு பிடி. ஆறு கம்பிகளும் ஒரே நேரத்தில் அமுங்க வேண்டும். அலெக்சாண்டர் செய்து காட்டினான். கிட்டாரின் கழுத்தை, கோழியின் கழுத்தைப் பிடிப்பதுபோல உள்ளங்கைக்குள் அடக்கினான். நான்கு விரல்கள் கீழிருந்து வந்தன. கட்டைவிரல் மேலே சுற்றி வந்து தடித்த கம்பியை அமுக்கியது. ஒரே வீச்சில் ஆறு கம்பியும் பேசின.

"பார்த்தியா? கட்டைவிரல் மேல வரணும். உனக்கு வராது லா. சைஸ் வேணும். உனக்கு எதுக்குடா இது? நீ டப்பாவ ஆட்டு, நான் வாசிக்கிறேன். பொண்ணு உன்னைத்தானே பார்க்கும், கையவா பார்க்கும்?"

"கையத்தான் பார்க்கும்" என்றான் சவரிராஜ்.

நவம்பர், டிசம்பர் முழுதும் அவன் கோழிக் கழுத்தைப் பிடித்தான். கட்டைவிரல் பாதித் தூரம் வந்து நின்றுவிடும். விரல் நுனிகளில் கோடு விழுந்து, கோடு கொப்புளமாகி, கொப்புளம் காய்ந்து தோல் ஆனது. வேலை முடிந்து குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து அமுக்குவான். 'டொக்' என்று கேட்கும். அடுத்த வீட்டு மங்களம் அக்கா சன்னல் வழியாகக் கேட்பார்:

"சவரி, மரம் வெட்றியா தம்பி?"

"பாட்டுக்கா."

"அப்படியா. முடிஞ்சதும் எனக்கும் ரெண்டு கட்டை வெட்டிக் குடு."

ஜனவரியில் ஒரு போர்க்கப்பல் கொதிகலன் சுத்தம் செய்ய வந்தது. சவரிராஜ் வழக்கம்போலத் துளை துளையாகப் போய்க்கொண்டிருந்தான். பதினோராவது துளையில் நட்டு ஆழத்தில் இருந்தது. நான்கு விரல்களை உள்ளே விட்டான். கட்டைவிரலை இரும்பின் வெளிப்புறத்தில் தட்டையாக ஊன்றினான். மணிக்கட்டைக் கீழே இறக்கினான். இறக்கியதும் விரல்கள் இன்னும் ஒரு அங்குலம் உள்ளே போயின. நட்டு அகப்பட்டது.

பத்து வருடமாகச் செய்யும் வேலை. அன்றுதான் அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

அது எங்கும் சுற்றி வரவில்லை. பின்னால் நின்றது. விரல்களுக்கு நேர் எதிரே, ஒரு முட்டுக்கட்டைபோல. அதனால்தான் விரல்கள் நீண்டன.

அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினான். கிட்டாரை எடுத்தான். கழுத்தை உள்ளங்கையிலிருந்து விடுவித்தான். கட்டைவிரலைக் கழுத்தின் முதுகில் நடுவே ஊன்றி, மணிக்கட்டை இறக்கினான். ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளின் மேலும் ஒரு கோடுபோலப் படுத்தது. மற்ற மூன்று விரல்களும் தங்கள் இடத்துக்குத் தாமாகப் போய் நின்றன. எட்டாது என்று சொன்ன எதுவும் எட்டாமல் இல்லை.

பலம் முழுவதையும் கொடுத்து அமுக்கினான். ஐந்து கம்பிகள் பேசின. ஒன்று இருமியது.

"மங்களக்கா, கேட்டீங்களா?"

"கேட்டுச்சு. இப்ப மரம் பாடுது."

ஏப்ரல் வந்தபோது அவன் பாட்டை முழுவதும் வாசித்தான். அலெக்சாண்டரே எழுதி மெட்டமைத்த பாட்டு. 'பஸ்ஸில் வந்த பிச்சிப் பூவே, இறங்கும் இடம் என் நெஞ்சம்தானே' என்று தொடங்கும். அதற்கு மேல் எழுத அலெக்சாண்டருக்கு வரவில்லை. அதனால் அந்த இரண்டு வரியையே ஆறு முறை பாடுவார்கள். ஆறு முறையும் எஃப் உண்டு. சவரிராஜுக்குப் பத்தில் மூன்று தடவைதான் எஃப் சரியாக வந்தது. மற்ற ஏழு தடவை ஏதாவது ஒரு கம்பி இருமியது. கம்பியை மரம்வரை கொண்டுபோவதற்குள் விரலில் தெம்பு தீர்ந்துவிடும்.

"கை பத்தலைடா" என்றான் அலெக்சாண்டரிடம்.

"அதான் அப்பவே சொன்னேன்ல. இப்ப கேளு. ஹால் மேடையில பின்னாடி திரை கட்டுறாங்கல்ல, அதுக்குப் பின்னாடி நான் உக்காந்து வாசிக்கிறேன். நீ முன்னாடி நின்னு சும்மா கைய ஆட்டு. யாருக்குத் தெரியும்?"

சவரிராஜ் மூன்று நாள் யோசித்தான். மூன்றாம் நாள் சரி என்றான். சொன்ன பிறகுதான், ஒரு பொய்யை எடுக்கப் போய், அதற்குத் திரை கட்டுகிறோம் என்று தோன்றியது.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம். காலையில் கோயிலில் ஒரு சின்னக் குழப்பம். மோதிரங்களை மந்திரித்த பிறகு, சாமியார் தட்டிலிருந்து சிறிய மோதிரத்தை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். சிறியது பெண்ணுக்கு என்று எந்தச் சாமியாரும் நினைப்பார். சவரிராஜ் பதற்றத்தில் அதை ஆனியின் விரலில் போட்டான். கணுவில் நின்றுவிட்டது. தள்ளினான். போகவில்லை. வியர்த்தது.

ஆனி உதடு அசையாமல் சொன்னாள்.

"அது உங்களுது."

அவன் தலை நிமிரவில்லை. மோதிரத்தை மாற்றிப் போட்டான். பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள். ஆனிதான் மறைக்காமல் சிரித்தாள்.

சாயங்காலம் பங்கு மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் இரண்டு நாற்காலி. பின்னால் இரண்டு அன்னப்பறவைகள் வரைந்த வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னால் அலெக்சாண்டர் தன் கிட்டாரோடு குந்தியிருந்தான். அந்தக் கிட்டார் மத்தியானம் முழுக்க சாமான் லாரியில், வெயிலில் கிடந்தது. அது யாருக்கும் நினைவில்லை.

மாப்பிள்ளை கிட்டார் வாசிக்கப் போகிறார் என்று அறிவித்தார்கள். சவரிராஜ் கோட்டும் மாலையுமாக நாற்காலியை விட்டு எழுந்தான்.

"மாப்பிள்ளை நாற்காலிய விட்டு எறங்கக் கூடாது!" என்றார் பிலோமினம்மாள்.

"நீங்கதானே அத்தே எறக்கிவிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவன் பித்தளைக் கிட்டாரை மாட்டிக்கொண்டான்.

அக்கார்டியன் தொடங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து கிட்டார் வந்தது. சவரிராஜ் கையை ஆட்டினான். பஸ்ஸில் வந்த பிச்சிப் பூவே. கூட்டம் தலையாட்டியது. ஆனி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாளெல்லாம் காதை வைத்துப் பிழைக்கிறவள்.

"சத்தம் பின்னாடியிருந்து வருது" என்றாள் பக்கத்திலிருந்த தங்கையிடம்.

இரண்டாம் முறை 'பிச்சிப் பூவே' வந்தபோது திரைக்குப் பின்னால் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். வெயிலில் பசை இளகி, அலெக்சாண்டரின் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் கட்டை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. பாட்டு நின்றது. அக்கார்டியன் மெதுவாக மூச்சை விட்டது.

இரண்டு அன்னங்களுக்கு அடியிலிருந்து ஒரு நீளமான கை வெளியே வந்தது.

"உன்னுதக் குடு. சீக்கிரம்."

மண்டபம் முழுதும் அந்தக் கையைப் பார்த்தது. சவரிராஜ் என்ன செய்வது என்று தெரியாமல் கிட்டாரைக் கழற்றி அந்தக் கையில் கொடுத்தான். கை உள்ளே போயிற்று. மாலையோடு வெறுங்கையாக நின்றான். உள்ளேயிருந்து 'டொக்' என்று கேட்டது. மறுபடி 'டொக்'.

"டேய் சவரி!" திரைக்குள்ளிருந்து அலெக்சாண்டரின் குரல் மண்டபத்துக்கே கேட்டது. "என்னடா இது? கம்பியே எறங்க மாட்டேங்குது! கிட்டாரா, கப்பல் நங்கூரமா? ஐயோ, என் வெரலு!"

எழுந்த வேகத்தில் திரை அவன் தலையில் மாட்டியது. அன்னங்கள் இரண்டும் சரிந்தன. ஊதிய விரலை வாயில் வைத்துக்கொண்டு அலெக்சாண்டர் எல்லோர் முன்பும் நின்றான். சிரிப்பு கூரையில் முட்டியது. அக்கார்டியன்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சவரிராஜ் ஆனியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

"நான் டப்பாதான்" என்றான் அவன். ஏழு மாதமாகச் சொல்ல வேண்டியது அது. "கிட்டார் ஏழு மாசமாத்தான். கை சின்னது. எஃப் பத்துக்கு மூணு தடவைதான் வருது."

"அந்த மூணை வாசிங்க" என்றாள் ஆனி.

அவன் அலெக்சாண்டரிடமிருந்து கிட்டாரை வாங்கினான். கட்டைவிரலைப் பின்னால் ஊன்றினான். மணிக்கட்டை இறக்கினான். இப்போது மறைக்க ஒன்றுமில்லாததால் தோள் லேசாக இருந்தது. பஸ்ஸில் வந்த பிச்சிப் பூவே. முதல் எஃப் இருமியது. இரண்டாவது நின்றது. மூன்றாவது மண்டபத்தின் கடைசி வரிசைவரை போயிற்று. அலெக்சாண்டர் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்தச் சின்னக் கையைப் பார்த்தான். தன் வாழைப்பழச் சீப்புக்கு அடங்காத கம்பி அதற்கு அடங்கிக்கொண்டிருந்தது. பிறகு கீழே கிடந்த மைலோ டப்பாவை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தான்.

ஆறு முறையும் பாடினார்கள். நான்கு எஃப் வந்தது. கணக்குக்கு ஒன்று கூடுதல்.

கைதட்டல் அடங்குமுன் துரைசாமி கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார்.

"அது நான் செஞ்சது! வெயில்ல போட்டாலும் பிய்யாது! மூணு மடங்கு!"

அலெக்சாண்டரின் கிட்டாரை பஃபலோ ரோட்டில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் ஒலி முகம்மதுவிடம் கொடுத்தார்கள். துரைசாமி தானே செய்து தருவதாக இரண்டு முறை சொல்லி அனுப்பினார். இரண்டு முறையும் அலெக்சாண்டர் ஊரில் இல்லை என்று பதில் போயிற்று. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிராஜும் ஆனியும் அதை வாங்கப் போனார்கள். ஒலி முகம்மது சுருதி பார்க்கச் சொல்லி நீட்டினார். சவரிராஜ் முதல்முறையாக இன்னொரு கிட்டாரைப் பிடித்தான். கட்டைவிரல் பின்னால். மணிக்கட்டு கீழே. வழக்கம்போல முழுப் பலத்தையும் கொடுக்கத் தயாராகி எஃப்பைத் தொட்டான்.

தொட்டதற்கே அது பாடிவிட்டது.

அவன் கம்பிகளைக் குனிந்து பார்த்தான். அவை மரத்துக்கு மேல் ஒரு காகிதம் மாதிரி படுத்திருந்தன. மறுபடி தொட்டான். மறுபடியும் பாடியது. பத்துக்குப் பத்து. கடைக்குள் நின்று அவன் சிரிக்க ஆரம்பித்தான். ஒலி முகம்மது ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன தம்பி, பழுது ஏதும் இருக்கா?"

"இல்ல பாய். இவ்வளவுதானா இது?"

"குடுங்க, நான் பார்க்கிறேன்" என்றாள் ஆனி. அவள் கை அவனுடையதைவிட அரை அங்குலம் பெரியது. மோதிரம் ஏற்கெனவே சொன்னதுதான். கழுத்தைக் கோழிபோலப் பிடித்தாள். 'டொக்' என்றது.

"எனக்கு வரல. கை பெருசா இருக்கு போல."

"கட்டைவிரலைப் பின்னால வை."

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து ஒரு கிட்டார் வாங்கினார்கள். ஆனிக்கு எஃப் பதினோராவது நாள் வந்தது. அவனுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் கை பெரிது, அதனால்தான் என்றான் அவன். கிட்டார் நல்லது, அதனால்தான் என்றாள் அவள். பித்தளைக் கிட்டார் கூடத்தில், எல்லோருக்கும் தெரியும்படி ஆணியில் தொங்கியது. துரைசாமி வரும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்த்து, இன்னும் அசையவில்லை என்று திருப்தியோடு உட்காருவார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.